ஸ்கூட்டர் சொன்ன சாட்சி

சாட்சிக் கூண்டில் ஸ்கூட்டரை ஏற்ற முடியாது என்பதால்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது.

மின்சார ஸ்கூட்டர்களுக்குச் சாலைச் சட்டத்தை முழுசாகச் சொல்லிக்கொடுத்து ஒன்பது வருடம் ஆகிறது. சீட்டுக்கு அடியில் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி இருக்கும். அதற்குச் சட்டப்பெட்டி என்று பெயர். ஹெல்மெட் வாரை மாட்டாவிட்டால் வண்டி நகராது. ஸ்டாண்டை எடுக்காவிட்டால் நகராது. பள்ளிக்கூடம் பக்கம் வந்தால் தானாக வேகம் இருபதுக்கு இறங்கிவிடும். ராங் சைடில் திருப்பினால் மரியாதையாக மறுத்துவிடும். மூன்று பேர் ஏறினால், "கடைசியாக ஏறியவர் தயவுசெய்து இறங்கவும்" என்று சொல்லிவிட்டு, அவர் இறங்கும்வரை அசையாமல் நிற்கும்.

இவ்வளவும் செய்துவிட்டு, யார் எந்தப் பிரிவை மீறினார்கள் என்று சாலை மன்றத்துக்கு எழுதியும் அனுப்பிவிடும். அந்தப் பதிவை ஒரு மனிதர் தமிழில், எல்லோருக்கும் கேட்கும்படி, மன்றத்தில் படிக்கவேண்டும் என்பது விதி. எங்கள் கோவை மன்றத்தில் அந்த மனிதர் நான்தான், பெயர் கோகுல். பதவியின் பெயர் பதிவு வாசிப்பாளர். ஸ்கூட்டருக்கு டப்பிங் கொடுப்பவர் என்பது என் மனைவி வைத்த பெயர்.

சட்டப்பெட்டியைக் குறை சொல்லும் கட்சி இல்லை நான். கல்லூரிக் காலத்தில் ஸ்டாண்டை எடுக்காமல் பெட்ரோல் வண்டியை வளைத்து விழுந்தவன். இடது முழங்காலுக்குக் கீழே இன்னும் ஒரு கம்பி இருக்கிறது. அன்றைக்குப் பின்னாலேயே ஒருவர், "ஏனுங், ஸ்டாண்டு, ஸ்டாண்டு" என்று கத்திக்கொண்டு வந்தார். யாரையோ வம்புக்கு இழுக்கிறார் என்று நினைத்து நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது அப்படி விழ வழியே இல்லை. போன வருடம் ஊர் முழுக்க ஸ்கூட்டரில் போய் உயிரைவிட்டவர்கள் இரண்டே பேர். முன்பு ஒரு வாரத்துக்கே அதைவிட அதிகம்.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. புது ஹெல்மெட் காதை முழுசாக அடைத்துவிடும். வண்டி பேசுவது மட்டும்தான் கேட்கும். ஹாரன் கிடையாது, வண்டிகள் தங்களுக்குள் பேசி வழிவிட்டுக்கொள்ளும். மனிதர்கள் பேசிக்கொள்வதில்லை. போதாததற்குப் பிரிவு பதினான்கு வந்தது. ஓடும் வண்டியில் இருப்பவரைச் சத்தத்தாலோ சைகையாலோ திசைதிருப்புவது குற்றம். முதல் தடவை எச்சரிக்கை, இரண்டாவது தடவை வகுப்பு, மூன்றாவது தடவை ஆயுள் முழுக்க லைசென்ஸ் ரத்து. தினமும் நாற்பது நிமிடம் ஆயிரம் பேருக்கு நடுவில் ஓட்டிக்கொண்டு ஆபீஸ் போகிறேன். ஒன்பது வருடத்தில் ஒருவர் முகம்கூட எனக்கு ஞாபகமில்லை. அது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது.

மூன்றாவது தடவையாகப் பிரிவு பதினான்கில் மாட்டி எங்கள் மன்றத்துக்கு வந்த முதல் ஆள் சிந்துஜா.

நாற்பத்தொன்பது வயது. குளத்து ரோட்டு மைதானத்தில், காலை ஏழிலிருந்து பதினொன்று வரை, நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பெட்டி எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும், ஓட்டுவது மனிதர்தான் என்று சட்டம் சொல்வதால் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் கற்றுக்கொடுக்க முடியாது. அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் ஒன்பது மாணவிகளோடு வந்திருந்தார். ஒன்பது பேரும் பின்வரிசையில் கலர் கலராக ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, அம்மன் கோயில் கூழுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். வியாழக்கிழமை அவர்களுக்கு லைசென்ஸ் டெஸ்ட்.

விசாரணைக்கு முன்னால் வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்ணா, இந்தத் தடவையும் நீங்கதான் வண்டிக்காகப் பேசறவருங்களா?"

"படிக்கறவனுங்க. நானா ஒரு வார்த்த பேசக்கூடாது."

"என் வண்டியா போட்டுக்குடுத்துது?"

"உங்க வண்டி இல்லீங்க. அந்நேரம் ரோட்டுல போன வேற வண்டி."

"அதானே பாத்தேன். என் வண்டிக்கு அந்த புத்தியெல்லாம் கெடையாது" என்று நிம்மதியானார். லைசென்ஸே போகப்போகிற நேரத்தில் வண்டியின் குணத்தைப் பற்றி நிம்மதியடைகிற ஆளை அன்றுதான் பார்த்தேன்.

எனக்குத்தான் நிம்மதி இல்லை. முந்தின நாள் மதியம் அந்த வழக்கின் முழுப்பதிவையும் படித்துப் பார்த்திருந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டாவது வரியைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். ஆனால் மன்றத்தில் நான் படிக்கவேண்டியது பத்து வரிச் சுருக்கத்தை மட்டும்தான். முழுப்பதிவிலிருந்து ஒரு வரியைப் படிக்கவேண்டுமென்றால் யாராவது கேட்கவேண்டும். கேட்கச் சொல்லி நான் யாருக்காவது காதில் ஓதினால் என் வேலை அன்றோடு காலி.

"உங்களுக்கு ஏதாச்சும் கேக்கோணும்னா உள்ள கேளுங்க" என்றேன், எங்கோ பார்த்தபடி.

"கேக்கறதுக்கு என்னங் இருக்குது. கத்துனது நெசந்தானுங்களே."

நடுவர் ஷர்மிளா பானு கண்டிப்பானவர் என்று பெயரெடுத்தவர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் மனசு இளகுகிறது என்று அர்த்தம், ஆனால் அவர் அதைத் துடைத்து நான் அதிகம் பார்த்ததில்லை. எதிர்ப்பக்கம் வாயுவேகம் ஸ்கூட்டர் கம்பெனியிலிருந்து அபினவ் என்ற இன்ஜினியர் வந்திருந்தார். நடுரோட்டில் வண்டி காரணமில்லாமல் நின்றால் கம்பெனிக்குக் கெட்ட பெயர் என்பது அவர் கவலை.

நான் சுருக்கத்தைப் படித்தேன். "காலை ஒன்பது பதினேழு. குளத்து ரோடு. சாலையோரம் நின்ற நபர் உரத்த குரல் எழுப்பினார். இரு கைகளாலும் சைகை செய்தார். வண்டி பன்னிரண்டு மீட்டரில் நின்றது. பின்னால் வந்த மூன்று வண்டிகளும் நின்றன. சேதம் இல்லை."

"ஒத்துக்கறீங்களா?" என்றார் நடுவர்.

"கத்துனேனுங்க மேடம். அந்தப் புள்ள சேல கட்டியிருந்துது. முந்தி காத்துல பறந்து பின்சக்கரத்துக்கிட்ட ஆடுது. நாலு வெரக்கடதானுங் பாக்கி. கத்தாம என்ன பண்றது?"

நடுவர் அபினவைப் பார்த்தார். "சேலை சக்கரத்துல சிக்கப்போகுதுன்னு வண்டி சொல்லாதா?"

"சொல்லாதுங்க மேடம். கேமரா ரோட்டை மட்டும்தான் பாக்கும். ஓட்டறவங்க உடம்பையும் உடையையும் வண்டி பாக்கவே கூடாதுன்னு பிரிவு முப்பத்தொண்ணு இருக்கு. அனுமதி கேட்டு மூணு தடவை எழுதினோம், குடுக்கல."

"குடுக்கவும் கூடாது" என்றார் நடுவர். "அந்தப் பிரிவை எழுதின குழுவுல நானும் இருந்தேன். ரோட்டுல போற பொண்ணுங்களை வண்டி படம் புடிச்சு எங்கயாவது அனுப்பி வெச்சா யார் பதில் சொல்றது? அது சரியான சட்டம்தான்."

சரியான சட்டம்தான். யாரும் மறுக்கவில்லை. சேலை மட்டும் நாலு விரல் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

"அம்மா, உங்க நல்ல மனசு எனக்குப் புரியுது" என்றார் நடுவர். "ஆனா நல்ல மனசோட யாரோ கத்த, திரும்பிப் பாத்து லாரியில மோதினவங்க பேரும் எங்கிட்ட இருக்கு. அதனாலதான் இந்தப் பிரிவு வந்துது. மூணாவது தடவைன்னா காரணம் நல்லதா கெட்டதான்னு பாக்க எனக்கு இடமே குடுக்கல. கடைசியா ஏதாவது சொல்லணுமா?"

பின்வரிசையில் ஒன்பது ஹெல்மெட்டுகளும் அசையாமல் இருந்தன. என் கையில் முழுப்பதிவு.

"வியாழக்கிழம இவிங்களுக்கு டெஸ்ட்டுங். லைசென்ஸ புடுங்கறத வெள்ளிக்கிழம புடுங்குனா புண்ணியமாப் போகும்" என்றார் சிந்துஜா. பிறகு கொஞ்சம் தயங்கினார். "இன்னொண்ணுங் மேடம். கேக்கலாமான்னு தெரியல."

"கேளுங்க."

"வண்டி என்னயப் பத்தி என்னன்னு எழுதியிருக்குதுங்? போன தடவ இந்தண்ணன் படிக்கறப்ப 'ஏறக்குறைய அறுபது வயதுள்ள நபர்'னு படிச்சாருங். எனக்கு நாப்பத்தொம்போதுதான் ஆவுது. லைசென்ஸு போனாப் போவுது, அறுபதுன்னு ரெக்கார்டுல நிக்கக்கூடாது. அத மட்டும் திருத்திக் குடுத்தருங்க."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நடுவரின் உதடு லேசாகத் துடித்தது. "கோகுல், ஆள் விவரம் இருக்கற வரியைப் படிங்க" என்றார்.

நான் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அதை எடுத்து நிறுத்தக்கூடத் தோன்றவில்லை.

"வரி இருநூற்றுப் பன்னிரண்டு. சாலையோரத்தில் காணப்பட்டது. வகை: நபர் அல்ல."

"ஆளே இல்லீங்களா நான்?" என்றார் சிந்துஜா.

"வகை: சிக்னல். நடமாடும் சிக்னல். இயங்கும் நேரம்: காலை ஏழு முதல் பதினொன்று வரை. நம்பகத்தன்மை: தொண்ணூற்றெட்டு சதவீதம். வண்டி நின்ற காரணம்: சிக்னலுக்குக் கீழ்ப்படிதல்."

நடுவர் என்னைப் பார்த்தார், பிறகு அபினவைப் பார்த்தார்.

"இது என்ன? சுருக்கத்துல நபர்னு இருக்கே."

அபினவ் டேப்லெட்டைத் தட்டிக்கொண்டே எழுந்தார். முகத்தில் கம்பெனிக்காரர் போய், பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த பையன் வந்துவிட்டான். "சுருக்கம் எழுதறது மன்றத்துக் கம்ப்யூட்டருங்க மேடம். கை கால் இருந்தா நபர்னு போட்டுடும். ஆனா எங்க வண்டிங்க தினமும் ரோட்டைப் பாத்துக் கத்துக்கும். ஒருத்தர் கை காட்டறாங்க, அடுத்த நிமிஷம் அங்க ஒரு ஆபத்து தெரியுதுன்னா, ரெண்டையும் சேத்து ஞாபகம் வெச்சுக்கும். துப்பட்டா சிக்கினா சக்கரம் இழுக்கும்ல, அது வண்டிக்குத் தெரியும். ஒரு தடவை நடந்தா தற்செயல். ஆறு வருஷமா நடந்தா வண்டியைப் பொறுத்தவரைக்கும் அது சிக்னல்தான். ஒரு வண்டி கத்துக்கிட்டா ஊர்ல இருக்கற நாலு லட்சம் வண்டிக்கும் போயிரும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "குளத்து ரோட்டுல வண்டிங்க ஏன் தானா மெதுவாப் போகுதுன்னு ஒரு வருஷமாத் தேடிட்டு இருந்தோம். இவங்களைப் பாத்துதான் போயிருக்கு."

"தொண்ணூத்தெட்டு அதிகமா?"

"நம்ம மன்ற வாசல்ல இருக்கற சிக்னல் விளக்கே தொண்ணூத்தாறுதாங்க மேடம்."

"மிச்ச ரெண்டு என்னங் ஆச்சு?" என்றார் சிந்துஜா. அவருக்கு அது மனத்தாங்கலாக இருந்தது.

அபினவ் பார்த்துச் சொன்னார். "பகல்ல லைட் எரியுதுன்னு கை காட்டியிருக்கீங்க. அதுல மட்டும் ஆபத்து ஒண்ணும் வரல."

இதை விளக்கவேண்டும். எதிரே வரும் வண்டியில் பகலில் விளக்கு எரிந்தால், ஐந்து விரலையும் விரித்து மூடி, விரித்து மூடி ஜாடை காட்டுவது நம் ஊர் வழக்கம். பகலிலும் விளக்கு எரிந்தே ஆகவேண்டும் என்ற சட்டம் என் இளமையிலேயே வந்துவிட்டது. அணைக்க அதில் சுவிட்ச்கூடக் கிடையாது. இருந்தாலும் நம் ஆட்கள் விடவில்லை.

"தெரியுமுங்" என்றார் சிந்துஜா, வெட்கத்தோடு. "கண்ணுல பட்டா கை தானாப் போயிருது."

நடுவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"பிரிவு பதினாலு, விதிவிலக்கு" என்று சட்டப் புத்தகத்தைப் பிரித்துப் படித்தார். "சிக்னல், சாலைப் பலகை, பணியில் உள்ள காவலர் நீங்கலாக. ஆக, சிக்னல் சிக்னல் காட்டினா குற்றமில்ல. கோகுல், முந்தின ரெண்டு வழக்குலயும் இவங்களுக்கு எத்தனை சதவீதம்?"

"மொதத் தடவ பதினொண்ணுங் மேடம். அடுத்தது அறுபத்தி நாலு."

"அப்போ அவங்க இன்னும் சிக்னல் ஆகல. அந்த ரெண்டும் அப்படியே இருக்கட்டும். இந்த வழக்கு தள்ளுபடி."

"அப்ப என் லைசென்ஸுங்?"

"சிக்னல் மேல பிரிவு பதினாலைப் போட எனக்கு அதிகாரமில்லம்மா. அது மட்டுமில்ல. பிரிவு இருபத்திரண்டு. முப்பது நாள் பொது அறிவிப்பு குடுக்காம எந்த சிக்னலையும் எடுக்கக்கூடாது, மறைக்கக்கூடாது. கம்பெனி, போலீஸ், யாரா இருந்தாலும் சரி. அவங்க முன்னாடி பேனரும் வெக்கக்கூடாது."

ஒன்பது பெண்களும் ஹெல்மெட்டைக் குடம் மாதிரி இடுக்கிக்கொண்டு தட்ட ஆரம்பித்தார்கள். மன்றத்தில் சத்தம் போடக்கூடாது என்று சொல்லவேண்டிய ஆள் நான். சொல்லாமல், கீழே கிடந்த நாற்காலியை எடுத்து நிறுத்தினேன். அபினவும் மேஜையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

சத்தம் அடங்கியதும் சிந்துஜா கேட்டார். "நான் பாட்டுக்கு நாலு நாளு ஊருக்குப் போகோணும்னாங்?"

"பராமரிப்புப் பணின்னு ஒரு பலகை வெச்சுட்டுப் போங்க."

"வயசு சொல்லவேயில்லீங்களே."

நான் வரியைத் தேடிப் படித்தேன். "சிக்னலுக்கு வயசு போடறதில்லீங்க. நிறுவி ஆறு வருஷம் ஆச்சுன்னு இருக்குது."

"ஆறு" என்றார் சிந்துஜா. அவருக்குப் பரம திருப்தி.

மறுநாள் காலை, என் வழக்கமான வழி இல்லையென்றாலும், குளத்து ரோடு வழியாகச் சுற்றிக்கொண்டு ஆபீஸ் கிளம்பினேன். மைதானம் நெருங்கும்போதே, "முன்னால் சிக்னல்" என்று சொல்லிவிட்டு என் வண்டி வேகத்தைக் குறைத்தது. எத்தனை முறை இந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறேன். இதைக் கேட்டு மனசு துள்ளியது அன்றுதான். ஓரத்தில் சிந்துஜா நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஐந்து விரலையும் விரித்து மூடினார்.

ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினேன். "சட்டமுங்க்கா. அணைக்க முடியாது."

"அட ஆமாங்ணா" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

சிரித்துக்கொண்டே போனவனுக்கு முன்னால், அடுத்த வளைவில் ஒருவர் பட்டு வேட்டியில் போய்க்கொண்டிருந்தார். கல்யாணத்துக்குப் போகிறவர் போலிருக்கிறது. வேட்டியின் நுனி அவிழ்ந்து சக்கரத்துப் பக்கம் படபடத்தது. நான் மன்ற ஊழியன். பிரிவு பதினான்கைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பேன். வாயைத் திறக்கலாமா என்று யோசித்தேன். முழங்காலுக்குக் கீழே கம்பி இருக்கும் இடத்தில் கூசியது. பின்னாலேயே கத்திக்கொண்டு வந்த அந்த மனிதருக்கு நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை.

பக்கத்தில் போய், கண்ணாடியைத் தூக்கி, "அண்ணா, வேட்டி, வேட்டி" என்று கத்தினேன். கையையும் ஆட்டினேன். அவர் ஓரங்கட்டி, குனிந்து பார்த்து, வேட்டியைச் சுருட்டிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து கையை உயர்த்தினார். அவ்வளவுதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

ஆபீஸில் அன்றைய பதிவுகள் வந்திருந்தன. பிரிவு பதினான்கில் வழக்கமாக நாளைக்கு மூன்றோ நான்கோ வரும். அன்றைக்கு இருபத்தேழு. அந்த ஒன்பது பெண்களும் ராத்திரிக்குள் ஊர் முழுக்கச் சொல்லியிருக்கவேண்டும். முதல் பதிவே என்னுடையது. விதி என்றால் விதி, நானே எழுந்து நின்று படித்தேன்.

"நபர்: ஆண். வேட்டி குறித்து உரத்த குரல் எழுப்பினார். சிக்னலாக இருக்க வாய்ப்பு: மூன்று சதவீதம்."

"சிந்துஜா பதினொண்ணுல ஆரம்பிச்சாங்க" என்றார் நடுவர்.

"இன்னைக்குத்தானுங் மேடம் ஆரம்பிச்சிருக்கேன்."

"எச்சரிக்கை. அடுத்தது."

ஒவ்வொன்றாகப் படித்து முடித்து, இருபத்தேழாவதுக்கு வந்தேன். கை காட்டியவரின் வண்டி எண்ணைப் பார்த்தேன். தெரிந்த எண். தினமும் என் வண்டிக்குப் பக்கத்தில், நிழல் விழும் இடத்தில் நிற்கிற வண்டி. நிமிர்ந்தேன். நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"படிங்க" என்றார். "என் வழக்கை நான் விசாரிக்கக்கூடாது. படிச்சுட்டு, வேற மன்றத்துக்கு அனுப்பிடுங்க."

"நபர்: பெண். இடம்: பாலத்து இறக்கம். சைகை மட்டும். சிக்னலாக இருக்க வாய்ப்பு: பூஜ்யம்."

"பூஜ்யமா?"

"ஆமாங் மேடம்." கேட்காமல் இருக்க முடியவில்லை. "அப்படி என்னத்துக்குங் கை காட்டுனீங்க?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மேஜைக்கு மேலே வலது கையைத் தூக்கினார். ஐந்து விரலையும் விரித்து, மூடி, விரித்தார்.

"லைட்டு எரிஞ்சுதுங்க" என்றார்.